பதினேழாவது கேஜ்

டெஸ்ட் ஃபிளைட் ஏழேகாலுக்குக் கிளம்பும் என்று பலகையில் எழுதியிருக்கிறது. கேண்டீன் கடிகாரத்தில் ஆறு பத்து. அந்தக் கடிகாரம் நாலு நிமிஷம் முந்தி ஓடும் என்று இந்தத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் திருத்துவதில்லை, ஆக ஆறு ஆறு. ராத்திரி ஷிப்ட் முடிந்து ஆறு நிமிஷம் ஆகியிருக்கிறது. ஏழு மணி பஸ்ஸில் ஏறினால் எட்டேகாலுக்கு வீடு, கதவு, கட்டில், ஜன்னலில் கறுப்புத் துணி, தூக்கம். ஏறலாம். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. தட்டில் இரண்டு இட்லி, சாம்பார் சுற்றிலும் ஆறிக்கொண்டிருக்கிறது, கண்ணாடிக்கு வெளியே சிமென்ட் தளத்தில் மூன்றாம் நம்பர் ஹெலிகாப்டர் நிற்கிறது. நாலு பிளேடும் நுனியில் தொங்கிப்போய் நனைந்த கொக்கு மாதிரி நிற்கிறது. சுற்றாதபோது அதைப் பார்க்கவே பாவமாக இருக்கும், சுற்ற ஆரம்பித்தால்தான் பிளேடுகள் விறைத்துக்கொண்டு நேராகும். இன்று அது எட்டு சிப்பாய்களின் எடைக்கு மணல் மூட்டை ஏற்றிக்கொண்டு மேலே போய், உடம்பைச் சாய்த்து, வேகமாகத் திரும்பிக் காட்ட வேண்டும். முன்னால் பைலட்டுகள் இரண்டு பேர். பின்னால் கருவிகளோடு ஒருத்தன். அந்த ஒருத்தன் செல்வின், என் மச்சினன், ஸ்டெல்லாவின் தம்பி. நான் இட்லியைப் பிய்க்கிறேன். வாயில் வைக்கிறேன். டொக் என்று கேட்டது. அதுதான் விஷயம். விடிகாலையில் பிளேடில் ஓரிடத்தைத் தட்டியபோது டிங் என்று கேட்க வேண்டியது டொக் என்று கேட்டது, அல்லது எனக்கு அப்படிக் கேட்டது. நான் அதை எழுதவில்லை.

பறக்கிற பிளேடில் இல்லை, ரிக்கில் மாட்டியிருக்கிற பிளேடில். இதைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். ரிக் என்பது ஒரு பெரிய இரும்புக் கட்டில், அதில் பிளேடின் அடிப்பாகத்தைப் போட்டு ஒருபக்கம் இழுத்துப் பிடித்து மறுபக்கம் மேலும் கீழுமாக வளைத்துக்கொண்டே இருக்கும், நொடிக்கு மூன்று தடவை, ராவும் பகலும், ஒரு கோடி தடவை. ஒரு கோடி தாங்கினால் பிளேடு நல்ல பிளேடு. இப்போது எழுபத்தொரு லட்சம். அந்த எண் என் கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், பஸ்ஸில் ஓடும், தூக்கத்தில் ஓடும். ரிக் பிளேடும் மூன்றாம் நம்பரில் தொங்குகிற நாலு பிளேடும் ஒரே துணிச் சுருளில் வெட்டி, ஒரே பிசின் ஊற்றி, ஒரே நாளில் ஒரே உலையில் வெந்தவை. ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் இது எழுபத்தொரு லட்சம் தடவை வளைந்தது, அதுகள் பறந்ததே நாற்பது மணி நேரம்தான், இது கிழமானால் அதுகள் இன்னும் குழந்தைகள், ஆகையால் இதற்கு என்ன வந்தாலும் அதற்கு வராது. இதை நானே எனக்கு ஐந்து தடவை சொல்லிவிட்டேன். ஆறாவது தடவை சொல்லும்போது உள்ளே இன்னொருத்தன் கேட்கிறான், வளைந்து வந்த நோயாக இல்லாமல் பிறக்கும்போதே இருந்ததாக இருந்தால்? உலையிலேயே இரண்டு அடுக்குத் துணி ஒன்றோடொன்று பிடிக்காமல், நடுவில் காற்று மாதிரி ஒரு பிரிவு, வெளியே பளபளவென்று வெள்ளையாக? அப்படியானால் ஐந்து பிள்ளைக்கும் அது இருக்கலாம். ஒன்றுக்கும் இல்லாமலும் இருக்கலாம். ஆறு ஒன்பது.

மூன்று மணி வாக்கில்தான் பதினேழாவது கேஜ் துள்ளியது. கேஜ் என்றால் தபால் தலையில் பாதி இருக்கும் ஒரு மெல்லிய தகடு, உள்ளே முடி மாதிரி கம்பி, பிளேடு எவ்வளவு இழுபடுகிறதோ அவ்வளவு தானும் இழுபட்டு எண்ணாகச் சொல்லும். பசை போட்டு ஒட்டுவதுதான். எண் தாறுமாறாகப் போனால் எங்கள் கூடத்தில் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது பசையை. பிளேடை இல்லை. ஐம்பதில் நாற்பத்தொன்பது தடவை பசைதான் விட்டிருக்கும், அதனால் ஐம்பதாவது தடவையும் கை தானாகவே பசை என்று எழுதிவிடுகிறது. நானும் ஷிப்ட் புத்தகத்தில் அப்படியே எழுதினேன். கேஜ் 17 பசை விட்டது, மாற்றப்பட்டது, கையெழுத்து. ரிக்கை நிறுத்தி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்பிரிட்டில் துடைத்து, காய விட்டு, அந்த நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் சட்டைப் பையிலிருந்து நாணயத்தை எடுத்தேன். பழைய ஒரு ரூபாய், பெரியது, கனமானது, இப்போது கடையில் வாங்க மாட்டார்கள். பிளேடு ஆட்கள் எல்லோரிடமும் ஒன்று இருக்கும். விளிம்பால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் உள்ளே துணி அடுக்குகள் ஒட்டியிருக்கிற இடமெல்லாம் டிங் டிங் என்று ஒரே சுருதியில் வரும், விட்டிருந்தால் சத்தம் செத்துவிடும். டிங், டிங், டிங், டிங், பதினேழு இருந்த இடத்துக்கு வந்ததும் டொக். மறுபடி தட்டினேன், டிங். மறுபடி, டொக். ரிக்கை ஆட்டுகிற பம்பு ஓய்ந்துகொண்டிருந்த சத்தம் வேறு. என் இடது காது எட்டு வருஷமாகவே மந்தம், அந்தப் பம்புக்கு இடது பக்கமாகவே பதினாறு வருஷம் நின்றிருக்கிறேன், வலது காதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் ரிக்கின் இரும்புச் சட்டத்தைத் தட்டினேன், டொக். மேஜை விளிம்பைத் தட்டினேன், டொக். இதோ இந்த எவர்சில்வர் டம்ளரை நகத்தால் தட்டுகிறேன். டொக். எல்லாமே உள்ளே விட்டுப்போன மாதிரி கேட்கிறது. உலகமே விட்டுப்போயிருக்கிறது அல்லது என் காது விட்டுப்போயிருக்கிறது, இரண்டில் எதை எழுதுவது? அடுத்த மாதம் காதுப் பரிசோதனை வேறு. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்வார்கள். தூக்கவில்லை என்றால் ஸ்டோருக்கு, பகல் ஷிப்ட், நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுக்கிற வேலை. பகலெல்லாம் வேலை செய்துவிட்டு ராத்திரி அந்த வீட்டில் நான் என்ன செய்வேன்? மூன்று வருஷமாக ராத்திரியில் அந்த வீட்டை நான் பார்த்ததில்லை.

புதுக் கேஜ் சரியான எண்ணைக் காட்டியது. அதைச் சொல்லவில்லையே. ஒட்டி, காய்ந்து, ரிக்கை ஓட விட்டதும் எண் வந்து தன் இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்தது. எண் ஒருபக்கம், என் காது ஒருபக்கம். எண்ணுக்குப் படிப்பு இருக்கிறது, என் காதுக்கு இல்லை. நான் கோலார் சுரங்கத்தை மூடிய வருஷம் இங்கே மணல் மூட்டை தூக்க வந்தவன். விமான இறக்கையின் மேல் மூட்டைகளை அடுக்கி எத்தனைக்கு வளைகிறது என்று பார்ப்பார்கள், அடுக்குவது என் வேலை. அந்த வளைவு எதற்கு என்று ஒரு நாள் ஆசை வந்தது, பழைய புத்தகக் கடையில் ஒரு புத்தகம், ஒரு அகராதி, பக்கத்துக்கு நாற்பது வார்த்தை, ஒவ்வொன்றாகப் பென்சிலில் அர்த்தம் எழுதி. ஸ்டெல்லா சொல்வாள், ஊர்ல ஆம்பளைங்க சீட்டாட்டத்துக்கு அடிமையாகிறாங்க, நீ எந்தக் கருமத்துக்கு அடிமையாகியிருக்க பாரு. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எண் சரியாகத்தான் இருந்தது. ஆனால் புதுக் கேஜைப் பழைய இடத்தில் ஒட்டவில்லை. இரண்டு விரல் தள்ளி ஒட்டினேன். பழைய இடத்தில் பசை சொரசொரப்பாக இருந்தது, தள்ளி ஒட்டுவது வழக்கம்தான், எல்லோரும் செய்வதுதான். ஆனால் நான் செய்வதில்லை. நான் சுரண்டிச் சுரண்டி அதே இடத்தில்தான் ஒட்டுவேன், அடுத்த ஷிப்ட் கன்னடக்காரன் ருத்ரேஷ் கிண்டல் பண்ணுவான். பிறகு ஏன் இன்று தள்ளினேன்? என் கை ஏன் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனது? நல்ல எண் வர வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருக்கிறது. கை அதற்குத் தகுந்த இடமாகப் பார்த்து ஒட்டியிருக்கிறது. டம்ளரை எடுக்கிறேன். தண்ணீர்.

இந்த ஹெலிகாப்டரை முதலில் மரத்தில் செய்தார்கள். நான் பார்த்தேன். ஏழு தச்சர்கள், தேக்கும் பிளைவுட்டுமாக, நிஜ அளவில், கதவு திறக்கும், நாற்காலி மடங்கும், பறக்காது. பனிமலையிலிருந்து சிப்பாய்களை வரவழைத்து, மூட்டை முடிச்சு, பெரிய பூட்ஸ், துப்பாக்கி எல்லாவற்றோடும் அந்த மரக் கதவில் ஏறி இறங்கச் சொன்னார்கள். பெங்களூர் வெயிலில் பனிக்கோட்டு போட்டுக்கொண்டு வியர்த்து வியர்த்து ஏறினார்கள். முதுகு மூட்டை இடித்தது, கதவை நாலு விரல் அகலப்படுத்தினார்கள். அதில் ஒருத்தன் முனிரத்தினம் என்று, ஆற்காட்டுப் பக்கம். வலது கையில் இரண்டு விரல் பனியில் போய்விட்டது. தாழ்ப்பாளைத் திறக்கச் சொன்னார்கள், கையுறையோடு அவனால் முடியவில்லை, எல்லோரும் கரிசனமாக வேறு பக்கம் பார்த்தோம், எங்கள் சீஃப் டிசைனர் ஸ்ரீகண்டய்யா மட்டும் பக்கத்தில் போய்த் தன் கையில் இரண்டு விரலை மடக்கிக்கொண்டு தானும் திறந்து பார்த்தார். திறக்கவில்லை. அன்றே தாழ்ப்பாளை மாற்றினார். டீ குடிக்கும்போது முனிரத்தினம் என்னிடம் சொன்னான், "அண்ணே, சீக்கிரம் முடிங்க இத. மேல ஒருத்தனுக்கு நெஞ்சுல தண்ணி கோத்துக்கிச்சுன்னா, கீழேருந்து ஹெலிகாப்டர் வர்ற வரைக்கும் அவன் தூங்கிடாம நாங்க பேசிக்கிட்டே இருக்கணும். ஊர்க்கதை, பொண்டாட்டி கதை, சினிமா கதை. பேச்சு தீந்து போயிடுதுண்ணே." பேச்சு தீர்ந்து போயிடுது. அவன் அதைச் சொன்னபோது ஸ்டெல்லா உயிரோடு இருந்தாள், எனக்கு அது வேறு யாருக்கோ நடப்பதாக இருந்தது.

அந்த உயரத்தில் காற்று மெலிசு, அதனால் எடை கூடாது, எடை கூடாது என்று ஸ்ரீகண்டய்யா பைத்தியமாக அலைந்தார். நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு போல்ட்டு போல்ட்டாக நிறுத்தார். உள்பக்கம் பெயிண்ட் வேண்டாம் என்றார். இங்கே ஒரு கிலோ குறைத்தால் அங்கே ஒருத்தனை முதுகிலிருந்து இறக்குகிற மாதிரி என்பார். கடைசியில் பிளேடின் அடியில் நாற்பத்திரண்டு அடுக்குத் துணி இருந்த இடத்தில் நாற்பது போதும் என்று கணக்குப் போட்டார். கணக்கு சரி, நானும் என் அளவுக்குப் போட்டுப் பார்த்தேன். பதினேழாவது கேஜ் அங்கேதான் இருக்கிறது, அந்த நாற்பதின் மேல். போன தடவை நான் ரிக்கை நிறுத்தியதும் அங்கேதான். போன வருஷம், இதே மாதிரி ஒரு டொக், உடனே எழுதினேன், தைரியமாக எழுதினேன், பிளேடை எடுத்து ரம்பம் போட்டு அறுத்தார்கள். முப்பது பேர் சுற்றி நின்றோம். உள்ளே தேங்காய்ப் பத்தை மாதிரி வெள்ளை வெளேரென்று சுத்தமாக இருந்தது. அறுபது லட்சம் ஆட்டம் வீண், புதுப் பிளேடு, ஒன்றிலிருந்து ஆரம்பம், அதற்குள் மலையில் சோதனை செய்கிற பருவம் போய்விட்டது, ஒரு வருஷம் தள்ளிப் போனது. ஸ்ரீகண்டய்யா என் தோளில் கை வைத்து "பரவாயில்லை" என்றார். திட்டியிருக்கலாம். அந்த ஒரு வருஷத்தில் மேலே எத்தனை பேருக்குப் பேச்சு தீர்ந்து போயிருக்கும் என்று நான் எண்ணிப் பார்க்காத ராத்திரி இல்லை. அன்றிலிருந்து என் பெயர் டொக்கு. மனுவேல் என்று கூப்பிடுகிறவர் ஸ்ரீகண்டய்யா ஒருத்தர்தான்.

ஆறு இருபத்தைந்து. வடை வந்துவிட்டது, எண்ணெய் வாசனை. ஸ்டெல்லாவுக்கு எண்ணெய் வாசனை வந்தாலே இருமல் வந்த நாட்கள். அப்போது அவளைப் பார்த்த டாக்டர் வயசானவர், மிஷினை நம்பாதவர், அவளைத் திரும்பி உட்காரச் சொல்லி, முதுகில் இடது கையின் நடுவிரலைப் பதித்து, வலது கை விரலால் அதன் மேல் தட்டினார். மேலிருந்து கீழாக. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நான் கேட்டேன். யாரும் என்னைக் கேட்கச் சொல்லவில்லை, அது என் தொழில், தானாகக் கேட்டது. இடது பக்கம் முழுக்க வெறும் பானை மாதிரி நல்ல சத்தம். வலது பக்கம் மேலே நல்ல சத்தம், நல்ல சத்தம், நல்ல சத்தம், ரவிக்கை விளிம்புக்குக் கீழே டொக். டாக்டர் முகம் மாறுவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் தலையை மட்டும் திருப்பி "இன்னாங்க?" என்றாள். என்னைத்தான் கேட்டாள், டாக்டரை இல்லை. நான் "ஒண்ணுமில்ல, சளி" என்றேன். டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். அப்போது முதல் பிளேடு ரிக்கில், ஆள் பற்றாக்குறை, இரட்டை ஷிப்ட். அடுத்த வாரம் எடுக்கலாம் என்றேன். அதற்கு அடுத்த வாரம். சீட்டு என் சட்டைப் பையில், இந்த நாணயத்தோடு, ஓரம் மடங்கி மடங்கிக் கிழிந்துகொண்டு, ஐந்து வாரம் இருந்தது. மறந்துவிடவில்லை. எடுத்துப் பார்த்துப் பார்த்து வைப்பேன். ஸ்கேன் எடுக்காத வரைக்கும் அது சளியாக இருந்தது. ஐந்து வாரம் முன்னால் வந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்று டாக்டர் பிறகு சொன்னார். அவர் நல்ல மனுஷர். இன்று எண் ஓடட்டும் என்று விட்டேன். இரண்டு விரல் தள்ளி ஒட்டினேன். அதையேதான் செய்தேன்.

"இன்னா மாமா, பஸ்ஸுக்குப் போகல? இட்லியவே பார்த்துக்கினு ஒக்காந்துக்கீற, ஜாதகம் எழுதிக்கீதா அதுல?" செல்வின். ஆரஞ்சு நிற உடுப்பு, ஹெல்மெட் பை தோளில், கையில் டீ. எதிரே உட்கார்ந்து கேட்காமலே என் தட்டிலிருந்து ஒரு இட்லியை எடுத்துக்கொண்டான். எட்டு வயசிலிருந்து என் தட்டில்தான் சாப்பிடுகிறான், அம்மா இல்லாத பையன், ஸ்டெல்லா கல்யாணமாகி வந்தபோது சீர்வரிசையோடு சேர்ந்து வந்தவன் என்று அவனே சொல்லிக்கொள்வான். இப்போது முப்பத்து நாலு. மோவாயில் அவளுக்கிருந்த அதே குழி. "ஆத்துல கீற ஓடமாட்டம் மெதக்குது இட்லி சாம்பார்ல. மூஞ்சி ஏன் இப்பிடி கீது? தூக்கம் வரலையா?" "செல்வின்." "இன்னா?" "இன்னிக்கு நீ ஏறாத." அவன் மெல்லுவதை நிறுத்தவில்லை. "ஏன், கனா கண்டியா? ராத்திரி வேலை செய்றவனுக்கு கனா எப்போ வந்துச்சு?" "உடம்பு சரியில்லன்னு சொல்லு. வயித்துப் போக்குன்னு சொல்லு." "மாமா." டீயைக் கீழே வைத்தான். "டொக்கா?" நான் தலையை ஆட்டினேன். எங்கே என்றான், சொன்னேன். புத்தகத்தில் எழுதினாயா என்றான், சொன்னேன். புது எண் என்ன என்றான், அதையும் சொன்னேன், இரண்டு விரல் தள்ளி ஒட்டியதையும் சொன்னேன், அதை வாயால் சொன்னபோதுதான் அது நிஜமாயிற்று. அவன் வெளியே மூன்றாம் நம்பரைப் பார்த்தான். "நீ கேட்டது நிஜமா, இல்ல ஒனக்கு அப்பிடி கேட்டுச்சா?" "தெரியல." "தெரியலையா?" "தெரியலடா. இந்த டம்ளர் கூட எனக்கு டொக்குன்னுதான் கேக்குது." அவன் சிரிக்கவில்லை. "நான் வயித்துப் போக்குன்னு சொல்றேன் மாமா, பிரச்சினை இல்ல. நான் எறங்கினா தர்மேஷ் ஏறுவான். ரெடியா கீறான். அவன் பொண்டாட்டிக்கு ஏழாம் மாசம். அவன் ஏறலாமா?" நான் டம்ளரைத் தள்ளி வைத்தேன். "அப்போ என்ன எறக்காத. எழுது. எழுதினா எல்லாரும் எறங்குவாங்க. எழுதலன்னா நான் ஏறுவேன். உன்ன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, நானும் கேக்க மாட்டேன்." எழுந்து டம்ளரைத் தொட்டியில் போட்டான். தொட்டிக்குள் அது என்ன சத்தம் போட்டது என்று நான் கவனிக்கவில்லை. கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து மெதுவாகச் சொன்னான், "அக்காக்கு நீ சளின்னு சொன்னல்ல. அக்காக்குத் தெரியும் மாமா. அன்னிக்கே என்கிட்ட சொல்லிச்சு. மாமா மூஞ்சியில சளி இல்லடா, வேற என்னமோ எழுதிக்கீதுன்னு. நீ பயந்துக்குவேன்னுதான் அதுவும் ஸ்கேனப் பத்தி ஒன்ன கேக்கல."

தெரியும். அவளுக்குத் தெரியும். ஐந்து வாரமும் தெரிந்துகொண்டே எனக்கு டிபன் கட்டிக் கொடுத்தாள், ராத்திரி ஏழு மணிக்கு வாசலில் நின்றாள், நான் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு பஸ் ஏறியதைப் பார்த்தாள். நான் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் என்னை. இரண்டு பேரும் நடுவில் ஒரு சத்தத்தை வைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறோம், மிதித்துவிடாமல். ஆறு நாற்பத்தெட்டு. கேண்டீனிலிருந்து ரிக் கூடத்துக்கு இருநூற்றுப் பத்து அடி, பதினாறு வருஷமாக எண்ணியிருக்கிறேன். கால் நடக்கிறது. மழை பெய்த சிமென்ட், டீசல் வாசனை, எதிரே ஏழு மணி பஸ்ஸுக்குப் போகிறவர்கள், டொக்கு என்னடா திரும்பப் போகிறான் என்று யாரோ. சுத்தமாக இருந்தால்? மறுபடி ரம்பம், மறுபடி தேங்காய்ப் பத்தை, மறுபடி பருவம் போய், முனிரத்தினத்தின் ஆட்கள் இன்னொரு வருஷம் பேசிக்கொண்டே. அதுவும் என் கணக்கில்தான் வரும். நிறுத்தினாலும் ஓட விட்டாலும் யாரோ ஒருத்தன் எங்கேயோ என்னால். நூற்று எண்பது. நூற்றுத் தொண்ணூறு. ஸ்ரீகண்டய்யாவின் கை, பரவாயில்லை. கண்ணாடிப் பெட்டி. ராத்திரியில் அந்த வீடு. இருநூறு.

ருத்ரேஷ் பம்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். "ஏனு டொக்கு, எதை மறந்துட்டுப் போனே? பல்செட்டா?" நான் புத்தகத்தைத் திறந்தேன். என் கையெழுத்துக்குக் கீழே இடம் இருந்தது. கேஜ் 17 இருந்த இடத்தில் நாணயத்தால் தட்டியபோது சத்தம் மாறிக் கேட்டது. புதுக் கேஜ் அந்த இடத்தில் ஒட்டப்படவில்லை, இரண்டு விரல் தள்ளி ஒட்டப்பட்டது. இதை ஷிப்ட் முடியும்போது எழுதத் தவறினேன். மனுவேல். ருத்ரேஷ் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு, "அய்யோ தேவரே, மறுபடியுமா? உனக்கு வேண்டாம்ப்பா இது, கிழிச்சுடு, நான் பார்க்கல," என்றான். நல்லவன், நிஜமாகவே எனக்காகத்தான் சொன்னான். நான் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். எண் எழுபத்தொரு லட்சத்துச் சொச்சத்தில் நின்றது. சுவர் போனை எடுத்து, பறக்க விடாதீர்கள் என்று தளத்துக்குச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒருத்தர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், சொன்னேன். வெளியே மூன்றாம் நம்பரின் ரோட்டர் சுற்ற ஆரம்பித்துவிட்டிருந்தது, கூடத்தின் தகரக் கூரை அதிர்ந்துகொண்டிருந்தது, அது அதிர்ந்துகொண்டே இருந்தது, அதிர்ந்துகொண்டே, போனை வைத்த பிறகும், போன் சொன்னது போய்ச் சேரவில்லையோ, ஏற்கெனவே தரையை விட்டுவிட்டதோ, பிறகு அந்த அதிர்வில் ஏதோ ஒன்று தளர்ந்தது. தனித்தனியாகப் பிளேடு பிளேடாகக் கேட்க ஆரம்பித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. அப்புறம் ஒன்றும் இல்லை.

எட்டு மணிக்கு ஸ்ரீகண்டய்யா வந்தார், ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு, வீட்டிலிருந்து அப்படியே. "எந்த இடம்?" என்றார். காட்டினேன். என் நாணயத்தை வாங்கித் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், ருத்ரேஷ் தட்டினான், இன்னும் இரண்டு பேர் தட்டினார்கள். ஒருத்தர் ஆமாம் என்றார், ஒருத்தர் இல்லை என்றார், ருத்ரேஷ் கொஞ்சம் அப்படித்தான் கேட்கிறது என்றான், எனக்காகச் சொல்கிறான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. நாளைக்கு அறுப்போம் என்று முடிவாயிற்று. எல்லோரும் போன பிறகு அவர் நின்றார். "மனுவேல், உன் காதை நீ நம்புகிறாயா?" "இல்லை சார்." "அப்புறம் எதுக்கு எழுதினாய்?" கேட்டதை எழுதினேன் சார் என்று சொல்ல நினைத்தேன், முன்பு ஒரு தடவை கேட்டதைச் சொல்லவில்லை சார் என்று சொல்ல நினைத்தேன். அவர் நாணயத்தை என் கையில் வைத்து, அந்தக் கையை அப்படியே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் எடுத்துவிட்ட இரண்டு அடுக்குத் துணியைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. இன்று ராத்திரி அவருக்கும் தூக்கம் இருக்காது.

பஸ் போய்விட்டது. கேட்டுக்கு வெளியே செல்வின் பைக்கோடு நின்றிருந்தான். "ஏறு மாமா. இன்னிக்கு எனக்கும் லீவு உட்டுட்ட. பிரியாணி வாங்கிக் குடு." ஏறினேன். பழைய மெட்ராஸ் ரோட்டில் லாரிகள், வெயில் கண்ணில் குத்துகிறது, பகல் என்பதை நான் இப்படி நேராகப் பார்த்து நாளாயிற்று. பள்ளம் வந்தது, விழாமலிருக்க அவன் முதுகில் கை வைத்தேன். தோள்பட்டை அவளுடையதுதான், அந்த எலும்பு, அந்தச் சரிவு. என் நடுவிரல் தட்டையாகப் பதிந்திருக்கிறது, ரவிக்கை விளிம்பு இருந்திருக்கக்கூடிய இடத்துக்குக் கொஞ்சம் மேலே. தட்டவில்லை. அவன் ஏதோ பாட்டு முணுமுணுக்கிறான், அது அவன் முதுகு வழியாக என் விரலுக்கு வருகிறது, காதுக்கு வருவதற்கு முன்னாலேயே. நாளை ரம்பம் போடுவார்கள், முப்பது பேர் சுற்றி நிற்பார்கள். சுத்தமாக இருக்கட்டும். வெள்ளை வெளேரென்று இருக்கட்டும், ஐந்து பிள்ளைகளும் நல்ல பிள்ளைகளாக இருக்கட்டும், என் வலது காதும் போய்விட்டது என்று எழுதி என்னை ஸ்டோருக்கு அனுப்பட்டும், ராத்திரி அந்த வீட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கும், டாக்டர் விரலை எடுத்த பிறகு, ஸ்டெல்லா ரவிக்கைக் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தபோது, நான் இதையேதான் கேட்டுக்கொண்டேன். எனக்குத் தப்பாகக் கேட்டிருக்கட்டும் என்று.